காரணம் இல்லாமல் சிரிக்க மாட்டேன்

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் என் கணவர் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அவருடைய கான்வாஸ் ஷூதான். இரண்டையும் கழற்றிக் கவிழ்த்து, உள்ளே இருந்த கடற்கரை மணலை உள்ளங்கையில் கொட்டி வைத்திருந்தார். தரையில் கொட்டினால் ஸ்டேஷன் அசிங்கமாகிவிடுமாம்.

"எவ்வளவு நேரமா இந்த மண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றேன்.

"குப்பைத்தொட்டி எங்கேன்னு கேட்டேன். யாரும் சொல்லலை" என்றார்.

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு பலகை. கைது செய்யப்படுபவரின் உரிமைகள் என்று தலைப்பு. காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும் என்பது வரைக்கும் படிக்க முடிந்தது. மீதி உரிமைகளை ஒரு ஜவுளிக்கடை காலண்டர் மறைத்திருந்தது.

எந்த ஸ்டேஷன் என்று கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம். போன வாரம் இதே பத்தியில் சம்பந்தி வீட்டு மீன்குழம்பைப் பற்றி எழுதிவிட்டு நான் பட்ட பாடு போதும்.

மேஜைக்குப் பின்னால் ஏட்டு ஒருவர் டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர் என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"இவரைக் கைது பண்ணியிருக்கீங்களா?"

"சேச்சே, கைதெல்லாம் இல்லமா."

"அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அது எப்டிமா? அய்யா குந்த சொல்லிக்கீறார்."

"எந்தத் தப்புக்கு?"

ஏட்டு பன்னை முழுங்கினார். "சிரிச்சிட்டார்மா. இன்னா கேஸு போட்றதுன்னு அய்யாவுக்கே தெர்ல. அதான் உக்கார வெச்சிக்கீறோம்."

இவரோடு குடித்தனம் நடத்தி எனக்குத் தலை நரைத்துவிட்டது. கொலை செய்துவிட்டார் என்று சொல்லியிருந்தாலாவது அரை மனதாக நம்பியிருப்பேன். சிரித்துவிட்டார் என்றால் எப்படி நம்புவது?

சல்ஃபர் சார்

என் கணவர் சேவியர் பையன்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியராக இருந்தவர். பையன்கள் வைத்த பெயர் சல்ஃபர் சார். அவர் உள்ளே வந்தால் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொள்ளுமாம். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பவர்கள், வீட்டில் ஏதாவது துக்கமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

நான் நேர்மாறு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, நாலு லைனில் நாலு பேரோடு ஒரே நேரத்தில் சண்டை போட்டுப் பழகியவள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும்.

தாமதமாக வரும் பையனிடம் 'இனிமேல் தாமதமாக வர மாட்டேன்' என்று இவர் எழுதி வாங்குவார். அவன் மறுநாளும் தாமதமாக வந்தால் இவருக்குக் கோபம் வராது, அதிர்ச்சிதான் வரும். "எழுதிக் கொடுத்திருக்கானே, பிலோ" என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து என்னிடம் சொல்வார். கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு ஒருவன் அதை மீறுவான் என்பது கடைசி வரைக்கும் அவர் மண்டையில் ஏறவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு பைபாஸ் ஆபரேஷன் ஆயிற்று. தையல் ஆறிவிட்டது, மனிதர்தான் ஆறவில்லை. பால்கனியில் உட்கார்ந்து துணி காய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பேச்சும் போயிற்று, பசியும் போயிற்று. மாதாவே, இந்த மனுஷனை இப்படியே உட்கார வைத்து எடுத்துக்கொண்டுவிடாதே என்று வேளாங்கண்ணி மாதா கோயிலில் போய் அழுதிருக்கிறேன்.

டாக்டர் நல்ல மனிதர். "மாத்திரை நான் தரேன். சிரிப்பு நீங்க ஏற்பாடு பண்ணுங்க" என்றார்.

பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் ஒரு சிரிப்பு சங்கம் கூடும். பென்ஷன் வாங்குகிறவர்கள் இருபது பேர் வரிசையாக நின்று, காரணமே இல்லாமல் கைதட்டிக்கொண்டு ஹோ ஹோ, ஹா ஹா என்பார்கள். அதில் இவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். நான் சேரவில்லை. நமக்கு எதற்கு அந்தக் கூத்து என்று தள்ளிப்போய் ஒரு பெஞ்சில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பேன்.

இவர் சிரிப்பை ஒரு பிராக்டிகல் பரீட்சையாக எடுத்துக்கொண்டார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பயிற்சி செய்வார். பழைய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்வது போலச் சத்தம் வரும். அப்புறம் அணைந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவசரமாகக் கிளம்பினேன். மாடிப்படியில் பாதி இறங்கியபோது பின்னாலிருந்து அந்த லாம்ப்ரெட்டா சத்தம் கேட்டது. அணையவில்லை. திரும்பிப் பார்த்தால் இவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, என் காலைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் அவர் செருப்பு. நான் மாற்றிக்கொள்ளாமல் அப்படியே கோயிலுக்குப் போய், பூசை முழுக்க சந்தோஷத்தில் அழுதேன்.

அந்தச் சிரிப்புக்குத்தான் ஸ்டேஷனில் பெஞ்சு போட்டு வைத்திருந்தார்கள்.

சிங்கச் சிரிப்பு

நடந்தது இதுதான். யாரோ ஒரு பெரிய மனிதர் அந்த வழியாகப் போகப்போகிறார் என்று காலையிலேயே பந்தோபஸ்து. புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர், சின்ன வயது, மடிப்புக் கலையாத யூனிஃபார்ம், மோட்டார் சைக்கிளில் கடற்கரை ரோட்டில் வந்தார். ரோட்டில் காற்று மணலை வாரி இறைத்திருந்தது. திரும்பும்போது வண்டி வழுக்கி, மெதுவாக, மிகவும் மரியாதையாக, அவரோடு சேர்ந்து சாய்ந்தது.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நிமிஷத்தில்தான் சங்கம் சிங்கச் சிரிப்புக்கு வந்திருந்தது. சிங்கச் சிரிப்பு என்றால் கண்ணை மூடி, நாக்கை முழுசாக வெளியே நீட்டி, இரண்டு கையையும் நகம் போல விரித்து, வயிற்றிலிருந்து சிரிக்க வேண்டும். எஸ்.ஐ. தரையிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார். இருபது பெரியவர்கள் அவரைப் பார்த்து நாக்கை நீட்டிக் கெக்கலி கொட்டுகிறார்கள்.

வரிசையின் கடைசியில், எஸ்.ஐ.க்குப் பக்கத்தில் நின்றவர் என் கணவர். சொல்லிக் கொடுத்தபடியே கண்ணை இறுக மூடியிருந்ததால் எஸ்.ஐ. விழுந்ததையும் பார்க்கவில்லை, எழுந்து வந்ததையும் பார்க்கவில்லை.

"என்ன சிரிப்பு? யாரைப் பார்த்துச் சிரிப்பு?" என்று சத்தம் கேட்டது, கூடவே பிடரியில் ஓர் அடி விழுந்தது. இவர் கண்ணைத் திறந்தபோது ஜீப் வந்து நின்றிருந்தது.

அன்றைக்குப் பார்த்து நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன், சங்கத்தில் ஒருவர் போன் செய்துதான் விஷயம் தெரிந்தது. நான் அங்கே இருந்திருந்தால் கதை வேறு.

மத்தியானத்துக்கு எஸ்.ஐ. வந்தார். என்னைப் பார்க்காமல் ஏட்டிடம், "எழுதி வாங்கிட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஏட்டு சொல்லச் சொல்ல இவர் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'இனிமேல் பொது இடத்தில் காரணம் இல்லாமல் சிரிக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.' கையெழுத்துப் போட்டார். மணலை வேறொரு காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"போ சார், போய் ரெஸ்ட் எட்த்துக்கோ" என்றார் ஏட்டு. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

வீட்டுக்கு வந்த மனிதர் பழையபடி பால்கனிக்குப் போய் உட்கார்ந்தார். துணி காய்ந்துகொண்டிருந்தது. செருப்பை மாற்றிப் போட்டு அவர் முன்னால் நடந்து பார்த்தேன். உதடு துடித்தது, உடனே இறுக்கிக்கொண்டார்.

"வீட்டுக்குள்ள சிரிக்கலாமே. இது பொது இடம் இல்லையே" என்றேன்.

"ஜன்னல் திறந்திருக்கு, பிலோ. அதோட, காரணம் போதுமா போதாதான்னு யார் முடிவு பண்றது? அவங்க கேட்டா நான் என்ன சொல்வேன்?"

அடித்த அடி ஒரு நாளில் மறைந்துவிடும். ஆனால் அந்த ஒற்றை வாக்கியம் இந்த மனிதரை உட்கார வைத்தே கொன்றுவிடும் போலிருந்தது.

நாலு நாட்டு மாநாடு

குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினேன். ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் வீடியோவில் வந்தார்கள்.

லண்டனில் இருக்கும் என் கொழுந்தனார் முதலில் ஆரம்பித்தார். "எங்க ஊர்ல போலீஸ் மேல புகார் வாங்கறதுக்குன்னே தனி ஆபீஸ் இருக்கு அண்ணி. போலீஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"அங்கே கொடுத்தா என்ன செய்வாங்க?"

"பெரிய விஷயம்னா அவங்களே விசாரிப்பாங்க. இந்த மாதிரி சின்னதுன்னா..." கொஞ்சம் தயங்கினார். "அந்தப் போலீஸ்கிட்டயே அனுப்பி விசாரிக்கச் சொல்வாங்க."

டொரண்டோவிலிருந்து எங்கள் மகன் கேட்டான். "அம்மா, அப்பாவுக்கு எலும்பு ஏதாவது முறிஞ்சிருக்கா?"

"மாதா புண்ணியத்தில் ஒண்ணும் முறியலை."

"எலும்பு முறிஞ்சிருந்தா இங்கே தனி டீமே வந்து விசாரிக்கும். முறியலைன்னா அவங்க வர மாட்டாங்க. அதுக்கு வேற ஆபீஸ்." பெற்ற பிள்ளையின் குரலில் லேசான ஏமாற்றம் இருந்ததை நான் கவனித்தேன்.

நியூஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகன் அதற்குள் ஏதோ தேடிப் படித்துவிட்டான். "சித்தி, இங்கே அந்தப் போலீஸ்காரர் மேலேயே நேரா ஃபெடரல் கோர்ட்ல கேஸ் போடலாம். ஆனா இதே மாதிரி முன்னாடி ஒரு கேஸ்ல தப்புன்னு தீர்ப்பு வந்திருக்கணும். இல்லேன்னா, இது தப்புன்னு எனக்குத் தெரியாதுன்னு அவர் தப்பிச்சுக்கலாம்."

"அதாவது இவருக்கு முன்னாடி எவனாவது ஒருத்தன் பீச்சுல நின்னு நாக்கை நீட்டிச் சிங்கம் மாதிரி சிரிச்சு, பிடரியில அடி வாங்கி, கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சிருக்கணும்."

"கிட்டத்தட்ட அப்படித்தான் சித்தி."

நாக்கு என்றதும் ஜெர்மனியிலிருந்து கொழுந்தனார் மகள் விழித்துக்கொண்டாள். "பெரியம்மா, பெரியப்பா நிஜமாவே நாக்கை நீட்டினாரா? இங்கே போலீஸைப் பார்த்து அப்படிச் செஞ்சா அவமானப்படுத்தினதா அவங்க நம்ம மேல கேஸ் போட்டுடுவாங்க. எதுவும் பேசாம இருக்கறதுதான் நல்லது."

அவர்கள் நாலு பேரும் எந்த ஊர் போலீஸ் உசத்தி என்று ஒருவரோடு ஒருவர் வாக்குவாதம் செய்ய ஆரம்பித்தார்கள். நடுவில் டொரண்டோ கட்டத்தில் எங்கள் பேத்தி முகத்தை நீட்டி, முன்பல் விழுந்த ஓட்டையைத் தாத்தாவுக்குக் காட்டினாள். பல் விழுந்த ஓட்டை வழியாக நாக்கை வேறு நுழைத்தாள். இவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குழந்தையைப் பார்த்துக்கூடச் சிரிக்கக் கூடாதா?" என்று அப்புறம் கேட்டேன்.

"நாலு நாடு பார்த்துக்கிட்டிருந்தது, பிலோ. பொது இடம்தான்" என்றார்.

ராமதுரை மாமாவின் மனு

சிரிப்பு சங்கத்தின் தலைவர் ராமதுரை மாமா, மயிலாப்பூர்க்காரர், வக்கீல். வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டைக் காலி செய்ய வைக்கும் வழக்கு மட்டும்தான் நடத்தியவர். எங்கள் விஷயம் அவருக்குப் புது ரத்தம் பாய்ச்சிவிட்டது.

"மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம், மாஜிஸ்ட்ரேட்கிட்ட தனிப் புகார் போடலாம், மேலதிகாரிகிட்ட மனு கொடுக்கலாம். வழிக்கு நம்மூர்ல குறைச்சலே இல்லை" என்றார். "ஆனா டூட்டியில செஞ்சதுக்குக் கேஸ் நடத்தணும்னா அரசாங்கத்துக்கிட்டயே முன்அனுமதி வாங்கணும்மா."

"பிடரியில அடிக்கறது அவர் டூட்டியா?"

"அது டூட்டியா இல்லையாங்கறதையே மொதல்ல கோர்ட்டு தீர்மானிக்கணும்."

எனக்குக் கேஸ் வேண்டாம், அந்த எழுதிக் கொடுத்த காகிதம் ரத்தானால் போதும் என்றேன். போலீஸ் உதவி ஆணையரிடம் மனு கொடுத்தோம். கை பழக்கதோஷம், மாமா இப்படி எழுதியிருந்தார்: 'மனுதாரருக்குப் பாத்தியப்பட்ட பிடரியை எதிர்மனுதாரர் எவ்வித உரிமையுமின்றி உபயோகித்துள்ளார்.'

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். உதவி ஆணையர் ஒரு பெண், பொறுமைசாலி. எஸ்.ஐ. விறைப்பாக நின்றார், அவருக்குப் பின்னால் ஏட்டு.

"அடிச்சீங்களா?"

"அடிக்கலை மேடம். தட்டினேன்."

"அறுபது தாண்டினவாளை சாட்சியா விசாரிக்கணும்னாகூட ஆத்துக்குத்தான் வரணும், ஸ்டேஷனுக்குக் கூப்பிடப்படாது" என்றார் மாமா.

"அவர் சாட்சி இல்லை மேடம். சிரிச்சவர்" என்றார் எஸ்.ஐ.

"அப்ப கேஸ் நம்பர் சொல்லுங்க" என்றார் உதவி ஆணையர்.

"கேஸ் போடலை மேடம்."

உதவி ஆணையர் பேனாவை மூடி வைத்தார். அப்புறம், சிரித்தது எஸ்.ஐ.யைப் பார்த்து அல்ல, பயிற்சிதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். மாமா இதற்காகவே ஆறு சாட்சிகளை வெளியே உட்கார வைத்திருந்தார்.

"செஞ்சு காட்டிடறோம் மேடம். ஆனா நின்னுண்டுதான் பண்ணணும்."

ஆறு கிழவர்கள் அரசாங்க மேஜைக்கு முன்னால் வரிசையாக நின்று, கண்ணை மூடி, நாக்கை நீட்டி, நகத்தை விரித்தார்கள். ஹோ ஹோ, ஹா ஹா என்று அறை அதிர்ந்தது. வாசலில் நின்ற காவலர் துப்பாக்கியோடு உள்ளே ஓடிவந்துவிட்டார். உதவி ஆணையர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, வாயை மறைத்துக்கொண்டு குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார். எஸ்.ஐ.யின் மீசைகூட ஆடியது. என் கணவர் ஒருவர்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

உதவி ஆணையர் பாட்டிலை வைத்துவிட்டு எஸ்.ஐ.யிடம் வருத்தம் தெரிவிக்கச் சொன்னார். அவர் சுவரைப் பார்த்து, "வருத்தம்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அப்புறம் உதவி ஆணையர் ஏட்டைக் கூப்பிட்டு, அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து சாரிடமே கொடுத்துவிடச் சொன்னார்.

ஏட்டு தலையைச் சொறிந்தார். "மேடம், அப்டி ஒரு பேப்பர் ஸ்டேஷன்ல இல்ல மேடம். சார் வந்ததாவே எதுலயும் எழுதல."

"அப்படின்னா அவர் எழுதிக் கொடுக்கவே இல்லைன்னு ஆகுது" என்றார் உதவி ஆணையர் என்னிடம். "இல்லாததை நான் எப்படிம்மா ரத்து பண்றது? சார், நீங்க தாராளமா சிரிக்கலாம்."

இவர் எழுந்து கும்பிட்டார். "அவங்ககிட்ட இல்லாம இருக்கலாம் மேடம். நான் எழுதினது எனக்குத் தெரியும்" என்றார்.

ஆட்டோவில் வரும்போது எனக்கு அழுகையாக வந்தது. சட்டம் இவர் பக்கம், அதிகாரி இவர் பக்கம், நாலு நாடு இவர் பக்கம். இவர் மட்டும் அந்த எஸ்.ஐ. பக்கம் நிற்கிறார்.

மணல்

டாக்டருக்குப் பயந்து காலை நடையை மட்டும் விடவில்லை. சங்கத்திலும் போய்க் கடைசி ஆளாக நிற்பார். எல்லாரும் சிரிக்கும்போது கையை மட்டும் தட்டுவார். சிங்கச் சிரிப்பு வந்தால் நகத்தை விரிப்பார், வாய் மூடியே இருக்கும். அதைப் பார்க்கும்போது என் ஜெபமாலை பாதியில் நின்றுவிடும்.

ஒரு நாள் காலையில் தூரத்தில் அந்த மோட்டார் சைக்கிள் வந்தது. இப்போதெல்லாம் சங்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டுதான் சிரிக்கிறார்கள். மாமா பார்த்துவிட்டார். "எல்லாரும் மூச்சுப் பயிற்சி" என்றார் தணிந்த குரலில். ஹோ ஹோ அப்படியே நின்றது. ஆறு சாட்சிகளும் கடலைப் பார்த்துத் திரும்பி மூச்சை இழுத்தார்கள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கை தானாகப் பிடரிக்குப் போயிற்று.

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து போய் வரிசைக்கு முன்னால் நின்றேன். ஜெபமாலையை இடுப்பில் செருகினேன். நாக்கை நீட்டி, இரண்டு கையையும் விரித்து, ஹோ ஹோ, ஹா ஹா என்றேன். பழக்கமில்லாத வாய், குக்கர் விசில் மாதிரிதான் வந்தது.

வண்டி நின்றது. "என்னம்மா, யாரைப் பார்த்துச் சிரிக்கிறீங்க?"

"உங்களைப் பார்த்துத்தான் சார்" என்றேன். "அன்னிக்கு இவர் கண்ணை மூடிக்கிட்டிருந்தார். நீங்க விழுந்ததை இவர் பார்க்கவே இல்லை. நான் கண்ணைத் திறந்துக்கிட்டு, உங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன். நான் யார்கிட்டயும் எதையும் எழுதிக் கொடுக்கலை."

அவர் என்னைப் பார்த்தார். மூச்சுப் பயிற்சியை மறந்து திரும்பி நின்ற இருபது பேரைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார். கிளப்பிய பிறகுதான் எதிரே ரோட்டில் பரவியிருந்த மணலைக் கவனித்தார். வேகத்தைக் குறைத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, வாத்து நடை நடந்தபடியே வண்டியை மணலைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார். விறைப்பான யூனிஃபார்மில், ஒவ்வொரு காலாக.

எனக்குப் பின்னாலிருந்து லாம்ப்ரெட்டா சத்தம் கேட்டது. முதலில் ஒரு உதை, அப்புறம் இன்னொன்று. அப்புறம் பிடித்துக்கொண்டது. என் கணவர் தொடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, அந்த வாத்தையே பார்த்துச் சிரித்தார். எஸ்.ஐ. ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இவர் நிறுத்தவில்லை.

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். "என்னங்க, எழுதிக் கொடுத்திருக்கீங்களே" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"காரணம் இல்லாம சிரிக்க மாட்டேன்னுதானே எழுதினேன், பிலோ. இன்னிக்கு காரணம் இருக்கு. என்ன காரணம்னு அவரே பார்த்துட்டுத்தான் போறார்."